கரடி

எங்கள் வீட்டுச் சட்டங்கள்
எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை.
காலண்டர் ஆணியில் தொங்கும் சாவிக்கொத்து மாதிரி
எல்லார் கைக்கும் எட்டும்,
என் கை தவிர.

ஆறு மணிக்குள் வீடு.
ஏன் என்றால், கரடி.
டியூஷன் விட்டு ரெக்ஸலினோடு
பேக்கரிப் படியில் நின்று ஒரு வர்க்கி தின்றால், கரடி.
அரவேணு வளைவில் இறங்காமல்
பேச்சு முடியட்டும் என்று அடுத்த நிறுத்தம் போனால், கரடி.
முடியை விரித்துப் போட்டதற்கு ஒருநாள்
அம்மா ஆரம்பித்து, பாதியில் தடுமாறி,
அங்கேயும் கரடியைத்தான் கொண்டுவந்து நிறுத்தினாள்.

லோகித் ஒன்பதரைக்கு வருவான்
கிரவுண்டிலிருந்து, முழங்கால் வரை சேறோடு.
அவனைக் கரடிக்குப் பிடிக்காது போலிருக்கிறது.

அப்புறம் போன்.
எட்டானால் அது சமையலறை மேல்தட்டில்
கடலைமாவு டப்பாவுக்குப் பின்னால்
முகம் குப்புறப் படுக்க வேண்டும்.
சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அப்படியே.
தகரத் தட்டில் அது உறுமுவது
எனக்கு மட்டும் கேட்கும்.

'எங்க காலத்துல' என்று அப்பா தொடங்கினால்
நான் அவர் சட்டைப் பித்தான்களை எண்ணுவேன்.
ஆறு. மேலிருந்து மூன்றாவது வேறு நிறம்.
அவர் சொல்வதில் பாதி நியாயம்,
அதுதான் பெரிய தொந்தரவு.
முழுக்க அநியாயமாக இருந்தால்
கதவை இன்னும் நன்றாக அறைந்து சாத்தியிருப்பேன்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்.
மேகம் இறங்கி, எதிர் லைன் விளக்குகள் அணைந்ததுபோல் இருந்தன.
லோகித்கூட வீட்டில்.
எட்டே கால் இருக்கும்,
சமையலறைப் பின்கதவு
அதுவரை போடாத ஒரு சத்தம் போட்டது.
பிறகு பாத்திரம்.
பிறகு மூச்சு.
நனைந்த கம்பளி வாடை நடுக்கதவைத் தாண்டி வந்தது.

அப்பா பீரோவைத் தள்ளினார்.
நானும் தள்ளினேன்.
லோகித் என் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக்கொண்டான்,
ஒன்பதரை வீரன்.

எண்ணெய் டின் உருண்டது.
நக்கும் சத்தம், நிதானமாக,
சொந்த வீட்டில் சாப்பிடுகிற மாதிரி.
நடுவில்,
உர்ர்ர்.

இது வேறு உறுமல்.
எனக்குத் தெரிந்த உறுமல்.
தட்டு அதிர, டப்பா அதிர,
உர்ர்ர். உர்ர்ர்.

அப்பா மெல்லத் திரும்பினார்.
உயிர் போகிற நேரத்திலும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.
'யாரு அது, இந்நேரத்துல?'

'கரடி' என்றேன்.

அம்மாவுக்குத்தான் முதலில் வந்தது.
சால்வையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.
லோகித் எதற்கென்று தெரியாமலே சிரித்தான்.
பீரோவில் முதுகு கொடுத்திருந்த அப்பா
கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்ததில்
உள்ளே வளையல் பெட்டி கிலுங்கியது.

பக்கத்து லைன்காரர்கள் பட்டாசு போட்ட பிறகு போனோம்.
தரையெல்லாம் கடலைமாவு,
அதில் கையளவு பெரிய பாதங்கள்,
பாதங்களுக்கு நடுவே போன்.
அப்பா எடுத்தார், லுங்கியில் துடைத்தார்,
திரையைத் தன் பக்கம் திருப்பாமல்
என்னிடம் நீட்டினார்.
ரெக்ஸலின்தான். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு கேட்டிருந்தாள்.
நான் அதை அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் நிம்மதிப்படுவார்,
ஏனோ அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் எட்டுக்கு அவர் கை மறுபடி நீண்டது.
கொடுத்தேன்.
புதுப் பின்கதவு, புதுத் தாழ்ப்பாள்,
அதே தட்டு.

நேற்றுக் கேட்டேன்:
ஏன்பா ஆறு மணி?
வாயைத் திறந்தார்.
வழக்கமாகக் கரடி நிற்கும் இடம்
காலியாகக் கிடந்தது.
அதுதான் வீட்டுக்குள்ளேயே வந்து
எண்ணெய் குடித்துவிட்டுப் போய்விட்டதே.
அங்கே வேறு ஏதோ இருந்தது,
பெயரில்லாமல்,
என்னைவிட அவருக்கு அதிகம் பயம் காட்டுவது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

'ஆறே கால்' என்றார்,
பித்தானைத் திருகியபடி.
மேலிருந்து மூன்றாவதை.